கிராண்ட் வாங்கித் தர்றோம்னு சொன்ன கன்சல்டன்சி: எங்க கூத்துக் கொட்டாய் அனுபவம், 5க்கு 3 ஸ்டார்

மொதல்லயே சொல்லிடறேன், கம்பெனி பேரச் சொல்ல மாட்டேன். எங்க ஃபைல் பாதி இன்னும் அவங்க பீரோவுலதான் இருக்கு. அதோட இது திட்டறதுக்காக எழுதறதும் இல்ல. சென்னையில இருக்கற ஒரு கன்சல்டன்சி, சங்கம் டிரஸ்ட் மாதிரி சின்னச் சின்ன அமைப்புகளுக்கு ரிஜிஸ்ட்ரேஷன் வேலையெல்லாம் முடிச்சுக் குடுத்து, புரோபோசல் எழுதி, கிராண்ட், சிஎஸ்ஆர் பணம் (கம்பெனிங்க லாபத்துல சமூகத்துக்குன்னு செலவு பண்றது) எல்லாம் வர்றதுக்கு வழி பண்றோம்னு சொல்றவங்க. ஒன்றரை வருஷம் அவங்களோட அலைஞ்சதுல தெரிஞ்சத எழுதறேன். மூணு ஸ்டார் குடுக்கறேன், அதுல ஒன்றரை அவங்க ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் பாக்கற அக்காவுக்கு மட்டும்.

நாங்க யாருன்னா, செய்யாறுக்கும் வந்தவாசிக்கும் நடுவுல ஒரு ஊரு. எங்க மாமா, அம்மாகூடப் பொறந்தவரு, கூத்து வாத்தியார். அவரோட சொந்த நெலத்துல ஒரு தகர ஷீட் கொட்டாய் போட்டு சனி ஞாயிறு பசங்களுக்கு கூத்து சொல்லித் தர்றாரு, இப்ப 22 பேரு வர்றாங்க, அதுல 9 பேரு பொண்ணுங்க. அடவு, பாட்டு, மிருதங்கம், முகவீணை, ஞாயித்துக்கெழம சாயங்காலம் பறை. முகவீணை ஆசானுக்கு எழுபது தாண்டிடுச்சு, காஞ்சிபுரம் பக்கத்துலேர்ந்து பஸ் புடிச்சு வர்றாரு, அவருக்கப்புறம் இந்தப் பக்கம் ஊதத் தெரிஞ்சவங்கள விரல் விட்டு எண்ணிடலாம். நான் டவுன்ல ஜெராக்ஸ் கட வச்சிருக்கேன், ஆன்லைன் அப்ளிகேஷன்லாம் போடத் தெரியும்ங்கறதால சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கிட்டாங்க, என்னக் கேக்கல.

செலவு என்னான்னா, கரண்ட் மாசத்துக்கு சராசரியா 1,400, முகவீணைக்காரருக்கு 4,000, மிருதங்கக்காரருக்கு 4,000, பசங்களுக்கு சுண்டல் டீ 2,500, தோல் மாத்தறது பல்பு மாத்தறதுன்னு ஒரு 1,000. ஆக மொத்தம் மாசம் 12,900. மாமா ஒரு பைசா எடுக்கறதில்ல. வருஷத்துக்கு ஒன்றர லட்சத்துக்கு மேல ஆகுது. இத எப்படி சமாளிச்சிகிட்டு இருந்தோம்னா, மாசியிலேர்ந்து ஆடி வரைக்கும் சீசன், துரோபதையம்மன் கோயில் பாரதம், படுகளம், திருவிழான்னு ராவெல்லாம் கூத்து இருக்கும், அதுல ஜமாவுக்கு, அதாவது கூட ஆடற குழுவுக்குப் போக மிச்சத்த கொட்டாய்க்கு ஒதுக்கிடுவாரு. ஐப்பசி கார்த்திகையில மழையும் அடிக்கும் கையில காசும் இருக்காது, ஆனா அந்த நேரத்துலதான் பசங்களுக்கு ஒழுங்கா க்ளாஸ் எடுக்க முடியும் ஏன்னா வாத்தியார் அப்பத்தான் ஊர்ல இருப்பாரு. இந்த ஓட்டைய அடைக்கத்தான் கிராண்ட்டு தேட ஆரம்பிச்சோம். இத நல்லா ஞாபகம் வச்சுக்கங்க, எங்களுக்கு வேண்டியது மாசம் 12,900 ரூபாய், அவ்ளோதான்.

கன்சல்டன்சிக்குப் போனா சில்வர், கோல்டு, பிளாட்டினம்னு பேக்கேஜ் வச்சிருக்காங்க, ஜிம்முல சேர்ற மாதிரி. நாங்க கோல்டு எடுத்தோம், 24,000, ஜிஎஸ்டியோட 28,320. ஏசி ரூம், காபி, பெரிய ஸ்கிரீன். ஓனர் ரொம்ப நல்லாப் பேசுவாரு. "சார் உங்ககிட்ட தங்கம் இருக்கு சார், பேக் பண்ணத் தெரியல"ன்னாரு. மாமா என்னப் பாத்தாரு. கீழ எறங்கி வந்ததும், "இன்னாப்பா, மூட்ட கட்டறதுக்கா இருவத்தெட்டாயிரம்?"னாரு.

சரி, நல்லதச் சொல்லிடறேன் மொதல்ல. பேப்பர் வேல சுத்தமா பண்ணாங்க. எங்க சங்கம் 1975 சங்கப் பதிவுச் சட்டத்துல பதிஞ்சது, ஆனா பதிஞ்சதோட சரி, வருஷா வருஷம் மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல கணக்கு தாக்கல் பண்ணணும்ங்கறதே எங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாது, மூணு வருஷம் பெண்டிங். கிராண்ட்டு குடுக்கறவங்க எங்க போனாலும் மொதல்ல கேக்கறது மூணு வருஷ ஆடிட் ரிப்போர்ட்தான், அதுவே இல்லாம நாங்க தங்கம் வச்சிருந்தா என்ன தகரம் வச்சிருந்தா என்ன. பெண்டிங்க கிளியர் பண்ணி, அபராதம் கட்டி, அப்பறம் 12ஏ (சங்கத்தோட வருமானத்துக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொட குடுக்கறவங்களுக்கு வரிக் கழிவு), என்ஜிஓ தர்ப்பண் (தொண்டு அமைப்புங்களுக்கான கவர்மெண்ட் பதிவு), சிஎஸ்ஆர்-1 (சிஎஸ்ஆர் பணம் வாங்கறதுக்கான பதிவு) எல்லாம் வரிசையா வாங்கிக் குடுத்தாங்க.

இதுல உங்களுக்கு ஒரு டிப்ஸ். தர்ப்பண் ரிஜிஸ்ட்ரேஷன் நிதி ஆயோக் சைட்டுல நீங்களே போட்டுக்கலாம், ஃப்ரீ. 12ஏ 80ஜிக்குப் போடற ஃபார்ம் 10ஏவுக்கும் கவர்மெண்ட் ஃபீஸ் கெடையாது. இத பேக்கேஜ்ல தனித்தனி ஐட்டமா காட்டி வெல போட்டிருந்தாங்க, நானே கடையில நாலு பேருக்கு தர்ப்பண் போட்டுக் குடுத்தவன், எனக்கே அத வித்துட்டாங்க. ஆனா சிஎஸ்ஆர்-1க்கு ஆள் வேணும், டிஜிட்டல் சிக்னேச்சர் வேணும், ஆடிட்டர் மாதிரி ஒருத்தர் சர்டிஃபை பண்ணணும், 2021 ஏப்ரல்லேர்ந்து அந்த நம்பர் இல்லாம எந்தக் கம்பெனியும் சிஎஸ்ஆர் பணத்த உங்க கையில குடுக்க முடியாது. அதுக்குக் குடுத்த காசு தப்பில்ல.

இன்னொண்ணு, புதுசா வாங்கற 12ஏ 80ஜி மூணு வருஷத்துக்குத்தான், புரொவிஷனல். முடியறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே 10ஏபி போட்டு ரெகுலர் ஆக்கணும். நிறைய சின்னச் சங்கங்க இதுல கோட்ட விட்டுட்டு அப்பறம் தலைல கை வச்சிகிட்டு உக்காந்திருக்காங்க, காலண்டர்ல இப்பவே வட்டம் போட்டு வச்சுக்கங்க.

இப்ப புரோபோசலுக்கு வரேன். இங்கதான் ரெண்டு ஸ்டார் போச்சு.

34 பக்கம், கலர் பிரிண்ட்டு, இங்கிலீஷ். எனக்கு இங்கிலீஷ் தட்டுத் தடுமாறித்தான் வரும், எங்க பழைய ஸ்டூடண்ட் ஒரு பொண்ணு இஞ்சினியரிங் படிக்குது, அத கூப்ட்டு கொட்டாயில உக்கார வச்சு ஒவ்வொரு பக்கமா படிச்சு தமிழ்ல சொல்லச் சொன்னோம். மூணாவது பக்கத்துல நிறுத்திடுச்சு. "அண்ணா, நம்ம ஊர்ல கடல் இருக்கா?"ங்குது. என்னாச்சுன்னு பாத்தா "கடலோர மீனவ சமுதாயக் குழந்தைகளின்"னு ஆரம்பிக்குது. செய்யாத்துல தண்ணியே எப்பவாவதுதான் வரும். அப்பறம் ஏழாம் பக்கத்துல எங்க பசங்க பரதநாட்டியம் கத்துக்கறாங்க. பயனாளிகள் 1,200 பேராம். அந்த 1,200 எங்கேர்ந்து வந்துச்சுன்னு ஃபோன் பண்ணிக் கேட்டா, "ஃபண்டருக்கு ஸ்கேல் காட்டணும் சார்"ங்கறாங்க. ஏங்க, 22 பசங்கன்னு போட்டா என்ன கொறஞ்சு போயிடும்? ஒரு வாத்தியார்கிட்ட 22 பேர் கூத்து கத்துக்கறதே பெருசு, 1,200 பேர் கத்துகிட்டா அது கூத்து இல்ல, டிரில்லு.

பட்ஜெட் பக்கம் இன்னும் அழகு. புராஜெக்ட் மேனேஜருக்கு மாசம் 30,000. வாத்தியார் "ரிசோர்ஸ் பர்சன்", க்ளாஸுக்கு 500. மேனேஜர் யாருன்னா, அவங்க ஆபீஸ்லேர்ந்தே ஒருத்தர அனுப்புவாங்களாம். மாமா இத ரெண்டு தடவ சொல்லச் சொல்லிக் கேட்டுட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "கட்டியங்காரனுக்கு ராஜாவவிட சம்பளம் ஜாஸ்தியா கீது"ன்னாரு. கட்டியங்காரன்னா கூத்துல ராஜா வர்றத அறிவிக்கற கோமாளி வேஷம். அவ்ளோதான், வேற ஒண்ணும் சொல்லல. கொட்டாயே சிரிச்சுது.

திருத்தச் சொல்லி அனுப்பினோம், மூணு தடவ போய் வந்துச்சு. கடல் போச்சு, பரதநாட்டியம் போச்சு, மேனேஜர் 12,000க்கு எறங்கினாரு, அப்பறம் ஒரு வழியா காணாமப் போனாரு. ஆனா இந்தப் போக்குவரத்துல நாள் போயிடுச்சு, அதுதான் பெரிய நஷ்டம். ஏன்னு சொல்றேன்.

மத்திய கலாச்சார அமைச்சகத்துல கலா சன்ஸ்கிருதி விகாஸ் யோஜனான்னு ஒரு பெரிய குடை மாதிரி ஸ்கீம், அதுக்குக் கீழ பல கிராண்ட் இருக்கு. ஃபங்ஷன், நாடகத் தயாரிப்பு, செமினார்னு பண்றவங்களுக்கு பொதுவா 5 லட்சம் வரைக்கும் ஒண்ணு. அது விழா நடத்தறவங்களுக்கு நல்லது, எங்களுக்கு அவ்ளோ ஒத்து வராது. ஆனா குரு சிஷ்ய பரம்பரைன்னு ரெபர்ட்டரி கிராண்ட் ஒண்ணு இருக்கு பாருங்க, அதுதான் எங்களுக்கு அளவெடுத்துத் தச்ச சட்ட. குருவுக்கு மாசம் 15,000, சிஷ்யர்களுக்கு வயசப் பொறுத்து 2,000லேர்ந்து 10,000 வரைக்கும். மாசாமாசம்! நெனச்சுப் பாருங்க. இந்த மாதிரி கிராண்ட்டுக்கெல்லாம் நெனச்ச நேரத்துல போட முடியாது, அறிவிப்பு வந்து கதவு தொறந்திருக்கற நாள்லதான் போடணும். எங்க டாக்குமெண்ட் எல்லாம் ரெடியா இருந்த வருஷம், இவங்க புரோபோசல கடல்லேர்ந்து கரைக்குக் கொண்டு வர்றதுக்குள்ள கதவு மூடிடுச்சு. "அடுத்த சைக்கிள்ல பாத்துக்கலாம் சார்"னு வாட்ஸப்ல ஒரு வரி, கூப்புன கை எமோஜியோட. கடைசித் தேதிய ஞாபகம் வச்சுக்கறதுக்குத்தானே கன்சல்டன்ட்டு வேணும், கடன அடைக்கற தேதியெல்லாம் நாங்களே ஞாபகம் வச்சுக்கறோமே.

இதவிட எனக்குக் கோவம் வந்தது கமிஷன் விஷயம். கோல்டு பேக்கேஜுக்கு மேல, பணம் வந்தா 8 பர்சண்ட் "சக்சஸ் ஃபீ"ன்னு அக்ரிமெண்ட்ல ஆறாவது பக்கத்துல பொடி எழுத்துல இருந்துச்சு, கையெழுத்துப் போடும்போது நான் பாக்கல, என் தப்பு. அப்பறம் கேட்டேன், சரி தர்றேன், இத எந்தக் கணக்குல எழுதறதுன்னு. கிராண்ட்டுப் பணத்துல ஒவ்வொரு ரூபாய்க்கும் பில் வேணும், கவர்மெண்ட் பணம்னா ஜிஎஃப்ஆர் 12-ஏ ஃபார்ம்ல யுசி, அதாவது பணத்த எதுக்குச் செலவு பண்ணோம்ங்கற சர்டிஃபிகேட், குடுக்கணும், பட்ஜெட்ல ஒத்துகிட்ட தலைப்ப தாண்டி செலவு பண்ணக் கூடாது. எந்த ஃபண்டரும் புரோக்கர் கமிஷன்னு தலைப்பு குடுக்க மாட்டான். அப்ப எப்படிங்க? "டாக்குமெண்டேஷன் சார்ஜஸ்னு ஒரு பில் போட்டுக்கலாம் சார்." இல்லாத வேலைக்கு பில்லு. முடியாதுன்னு நேரா சொல்லிட்டேன், ரெண்டு வாரம் இழுத்துட்டு அந்தப் பக்கத்தக் கிழிச்சுட்டாங்க. நீங்க யாராவது இந்த மாதிரி ஆளுங்ககிட்ட போறதா இருந்தா, வேலைக்கு இவ்ளோன்னு கூலி பேசுங்க, வர்ற பணத்துல பங்குன்னா எழுந்து வந்துடுங்க. மாட்டறது செயலாளர் கையெழுத்துதான், அவங்களுது இல்ல.

ஒண்ணு கெடச்சுது, அதயும் சொல்லணும்ல. செய்யாறு சிப்காட்டுல ஒரு கம்பெனி, சிஎஸ்ஆர்ல 2,40,000 குடுத்தாங்க. 2013 கம்பெனிச் சட்டம் 135வது பிரிவு இருக்கே, பெரிய கம்பெனிங்க மூணு வருஷ சராசரி லாபத்துல 2 பர்சண்ட் சமூகத்துக்குச் செலவு பண்ணணும்னு, அதோட ஏழாவது அட்டவணையில பாரம்பரியக் கலையும் ஒரு ஐட்டம். ஆனா நெஜத்துல அந்தப் பணம் கழிப்பறை, ஆர்ஓ தண்ணி, ஸ்மார்ட் க்ளாஸ்னுதான் போகும், போட்டோ எடுக்க வசதி. கூத்துக்கு வந்ததே பெருசு, அந்தக் கம்பெனி ஆளுங்கள நான் கொற சொல்ல மாட்டேன், அவங்க ஹெச்ஆர்ல ஒருத்தரு சின்ன வயசுல விடிய விடிய கூத்து பாத்தவராம், அதான் காரணம், 34 பக்கம் காரணம் இல்ல. கன்சல்டன்சி சைட்டுல எங்க போட்டோவ "சக்சஸ் ஸ்டோரி"ன்னு போட்டு வச்சிருக்காங்க, போட்டுட்டுப் போகட்டும்.

அந்த 2,40,000ம் கட்ட சாமானுக்கும் (மரத்துல செஞ்ச கிரீடம், புஜக்கட்ட மாதிரி), மைக் செட்டுக்கும், ரெண்டு ஃபோகஸ் லைட்டுக்கும்தான். கரண்ட் பில், ஆசான் சம்பளம், சுண்டல் எதுவும் அதுல சேராது. ரெக்கரிங் செலவுக்குக் குடுக்கறதில்லன்னு அக்ரிமெண்ட்லயே இருக்கு. அதனால இப்ப எங்க நெலம எப்படின்னா, ஃபோகஸ் லைட்டு பளபளன்னு இருக்கு, அத போட்டா கரண்ட் பில்லு ஏறுது, அதனால போடறதில்ல. திறப்பு விழாவுக்கு மட்டும் போட்டோம். அன்னைக்கு பசங்களுக்கு 10 நிமிஷம் குடுத்தாங்க, ராத்திரி பூரா ஆடற கர்ணன் கதையில அவன் சாகற கட்டத்த மட்டும் மாமா 12 நிமிஷமா வெட்டிக் குடுத்தாரு. ரெண்டு நிமிஷம் ஜாஸ்தி ஆனதுக்கு கம்பெனி மேனேஜரு கைக்கடிகாரத்தப் பாத்தாரு, ஆனா கை தட்டுனாரு.

இப்ப அக்கவுண்ட்ஸ் அக்காவப் பத்தி. புஜக்கட்ட, கிரீடம், மார்பதக்கம் எல்லாம் மரத்துல செதுக்கி கண்ணாடி ஒட்டற வேல, எங்களுக்குப் பரம்பரையா ஒரு ஆசாரிதான் பண்ணித் தர்றாரு. அவருக்கு ஜிஎஸ்டியும் கெடையாது பில் புக்கும் கெடையாது. கன்சல்டன்சி ஓனர், ஜிஎஸ்டி பில் குடுக்கற கடையில வாங்கிடுங்கன்னாரு. கடையில கெடைக்கறது ஃபேன்சி டிரஸ் போட்டி கிரீடம், அட்டையில பண்ணது, அத கட்டிகிட்டு துரியோதனன் கிறுகிறுன்னு சுத்துனா பறந்து போய் முன் வரிசையில விழும். அந்த அக்காதான் வழி சொன்னாங்க. ஆசாரிக்கு பேன் கார்டு இருந்தாப் போதும், வவுச்சர் எழுதி, 5,000த்துக்கு மேலன்னா ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி கையெழுத்து வாங்கி, பணத்த பேங்க் வழியா அனுப்பிடுங்க, ஆடிட்ல நிக்கும்னு. 46,000 ரூபாய் வேல, 1 பர்சண்ட் டிடிஎஸ் (பணம் குடுக்கும்போதே புடிச்சுக் கட்டற வரி) புடிக்கணும்னாங்க, 460 ரூபாய். புடிச்சேன். ஆசாரி ஒரு வாரம் எங்கிட்ட பேசல, நான் தின்னுட்டேன்னு நெனச்சுட்டாரு. அப்பறம் அக்காவே அவருக்கு ஃபோன் பண்ணி, ரிட்டர்ன் போட்டு அத எப்படித் திரும்ப வாங்கறதுன்னு பொறுமையா சொன்னாங்க. அவங்களுக்கும் கோல்டு பேக்கேஜுக்கும் சம்பந்தமே இல்ல, அவங்க இல்லன்னா எங்க கணக்கு ஆடிட்ல நின்னிருக்காது.

வேற எங்கெங்க கேட்டோம்னும் சொல்லிடறேன், யாருக்காவது உதவும். இயல் இசை நாடக மன்றத்துல கலைஞர்களுக்கு வாத்தியம், ஆடை அணிகலன் வாங்க உதவி இருக்கு, நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007லேர்ந்து இருக்கு, கார்டு இல்லாத கலைஞர்களுக்கு மொதல்ல அத வாங்கிக் குடுங்க. ஆனா ரெண்டும் தனி ஆளுக்குத்தான், கொட்டாய்க்கு இல்ல. பெங்களூர்ல இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் த ஆர்ட்ஸ்னு ஒண்ணு, 1993ல ஆரம்பிச்சது, அங்க நம்ம பாஷையிலயே எழுதி அனுப்பலாம், கடல் கத வராது. அதுவும் ஒரு குறிப்பிட்ட வேல, ஆராய்ச்சி, புது முயற்சி மாதிரி புராஜெக்ட்டுக்குத்தான், இருக்கறத அப்படியே நடத்தறதுக்கு இல்ல. வெளிநாட்டுப் பணம்னா எஃப்சிஆர்ஏன்னு தனிச் சட்டம், டெல்லியில ஒரே ஒரு ஸ்டேட் பேங்க் கிளையில அக்கவுண்ட்டு, நிர்வாகச் செலவு 20 பர்சண்ட்டுக்கு மேல போகக் கூடாது, எங்க சைஸுக்கு அந்தப் பக்கம் தலை வச்சே படுக்க வேணாம்.

80ஜி இருந்தா ஊர்ல டொனேஷன் கொட்டும்னு கன்சல்டன்சில ஒரு ஸ்லைடு போட்டுக் காட்டுனாங்க. புது டாக்ஸ் ரெஜிம்ல இருக்கறவங்களுக்கு 80ஜி கழிவே கெடையாது, பழைய ரெஜிம்ல இருந்தாலும் 2,000த்துக்கு மேல ரொக்கமா குடுத்தா செல்லாது. இத ஸ்லைடுல போடல.

பெரிய எடத்துலயே இதான் கதன்னு மாமா சொல்வாரு. 1977ல ந. முத்துசாமி ஆரம்பிச்ச கூத்துப்பட்டறைக்கு ஃபோர்டு ஃபவுண்டேஷன் பணம் வந்துகிட்டிருந்த காலத்துல நடிகருங்களுக்கு மாசச் சம்பளமே குடுக்க முடிஞ்சுது, எங்க புரிசை கண்ணப்பத் தம்பிரான் அங்க போய் கூத்து சொல்லிக் குடுத்தவரு. காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கல்ல 2002ல ஆரம்பிச்ச கட்டைக்கூத்து குருகுலம், படிப்பும் கூத்தும் ஒண்ணா, பொம்பளப் புள்ளைங்களும் வேஷம் கட்டுன எடம், அந்தத் தங்கிப் படிக்கற பள்ளிக்கூடம் இப்ப நடக்கல. அவங்களுக்கே அப்படின்னா எங்க தகரக் கொட்டாய் எம்மாத்திரம்.

அப்ப இப்ப எப்படி ஓடுதுன்னு கேட்டீங்கன்னா, கடுப்பாகி ஒரு நாள் நான் பழைய ஸ்டூடண்ட் பசங்க வாட்ஸப் குரூப்புல 12,900 கணக்க அப்படியே எழுதிப் போட்டேன், சுண்டல் 2,500 உள்பட. படம், ஸ்கேல், இம்பேக்ட் எதுவும் இல்ல. ஆளுக்கு மாசம் 100, 200ன்னு 41 பேரு சேந்தாங்க, ஒரகடத்துல வேல பாக்கற பசங்க, திருப்பூர்ல ஒருத்தன், குவைத்லேர்ந்து ஒருத்தன் கேட்டான், அவன்கிட்ட மட்டும் கொஞ்சம் பொறுடா பாஸ்போர்ட்டு எந்த நாடுன்னு சொல்லுன்னு அக்காவக் கேட்டுட்டுத்தான் வாங்கினேன், இந்திய பாஸ்போர்ட்டு வச்சிருந்து அவன் சொந்தச் சம்பளத்துலேர்ந்து பேங்க் வழியா அனுப்பினா எஃப்சிஆர்ஏ தொல்ல இல்லன்னாங்க. மாசம் 6,000 கிட்ட வருது. பாதி ஓட்ட அடஞ்சுது. சுண்டல் காச மட்டும் நான்தான் குடுப்பேன்னு ஒருத்தன் புடிவாதமா நிக்கறான், அவன் படிக்கும்போது சுண்டலுக்காகவே வந்தவன்.

மீதிப் பாதிக்கு ரெபர்ட்டரி கிராண்ட்டத்தான் இந்த தடவ நம்பியிருக்கோம். புரோபோசல நானே எழுதிட்டேன், தமிழ்ல 6 பக்கம், அந்தப் பொண்ணு இங்கிலீஷ் பண்ணுச்சு, மாமா வாயால சொல்லச் சொல்ல எழுதுனது. 22 பசங்கன்னே போட்டிருக்கோம்.

கன்சல்டன்சிக்குப் போகலாமான்னா, பேப்பர் வேலைக்குப் போங்க, சில்வர் போதும், புரோபோசல மட்டும் அவங்க கையில குடுக்காதீங்க. எங்களுக்கு தையில 10ஏபி போடணும், அதுக்கு அவங்ககிட்டதான் போறேன், அக்கா அங்கேயே இருக்காங்களான்னு நேத்துதான் ஃபோன் பண்ணி கேட்டுகிட்டேன்.